கரி தீர்ந்துபோகும் நாள்

குடிநீர் நிலையத்தின் கரி வடிகட்டி மணல் வடிகட்டியைப் போன்றதல்ல. மணலில் சிக்கிய அழுக்கை எதிர்நீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம். கரியோ நீரில் கரைந்திருக்கும் வேதிப்பொருள்களைத் தன் நுண்துளைகளின் சுவர்களில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஒரு கிராம் கரியில் இந்தச் சுவர்களின் பரப்பு 1,000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டால் கழுவிப் பயனில்லை, கரியையே மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரம் கேப் ஃபியர் ஆற்று நீரைக் குடிக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஓர் ஆலையிலிருந்து ஜென்எக்ஸ் முதலான ஃபுளோரின் சேர்மங்கள் ஆற்றில் கலந்துவந்தது 2017இல் அம்பலமானது. வழக்கமான சுத்திகரிப்புக்கு அவை கட்டுப்படவில்லை. எனவே நகரின் ஸ்வீனி குடிநீர் நிலையத்தில் எட்டுக் கரி வடிகட்டிகள் கட்டப்பட்டு 2022இல் இயங்கத் தொடங்கின. அவற்றில் உள்ள கரி ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு, அதாவது 1,360 டன்.

எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய முடியாது. தீர்ந்துபோன கரியின் வழியாகவும் நீர் தெளிவாகத்தான் வரும். இத்தகைய ஃபுளோரின் சேர்மங்களான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஆகிய இரண்டுக்கும் அமெரிக்க அரசு 2024இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை ஆய்வகம்தான் காட்டும். நீர் வெளியேறும் முனையிலும் படுகையின் நடுவிலும் மாதிரி எடுத்து, மாசு எவ்வளவு கீழே இறங்கிவிட்டது என்று கணிக்கிறார்கள். தாமதித்தால் கரி வெறுமனே செயலிழந்து கிடக்காது. வலுவாக ஒட்டும் பொருள்கள் வந்து, முன்பே ஒட்டியிருந்த சிறு மூலக்கூறுகளைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே வரும் நீரைவிட வெளியேறும் நீரில் அவை கூடுதலாக இருக்கவும் கூடும். ஆகவே நாள்காட்டியை நம்பாமல் பரிசோதனையை நம்புவதே சரி.

ஒரு நேரத்தில் ஒரு வடிகட்டி மட்டும் நிறுத்தப்படும். ஊருக்கு நீர் நிற்காது. பழைய கரியை நீரோடு குழம்பாக்கிக் குழாய் வழியே உறிஞ்சி லாரியில் ஏற்றுகிறார்கள். தொட்டி காலியான பிறகு அடித்தளத்து வடிகால் அமைப்பை ஆராய்வது முக்கியம். அங்கே ஒரு விரிசல் இருந்தால் புதுக் கரி அதன் வழியே குடிநீருக்குள் போய்விடும்.

தொட்டிக்குள் இறங்குபவர்களுக்கு இதில் பெரிய ஆபத்து உண்டு. ஈரக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். மூடிய கலத்தில் உயிர்க்காற்று குறைந்துபோனதை எந்த வாசனையும் காட்டிக்கொடுக்காது. அளவுமானி வைத்துப் பார்க்காமல், காற்றோட்டம் தராமல், வெளியே ஓர் ஆளைக் காவல் நிறுத்தாமல் ஒருவரையும் உள்ளே அனுப்பக் கூடாது. வேலை அவசரம் என்பது இதற்கு விலக்கு ஆகாது.

புதுக் கரியை ஒரு நாள் போல நீரில் ஊறவைத்தால்தான் துளைகளில் உள்ள காற்று வெளியேறும். பிறகு எதிர்நீர் பாய்ச்சுவார்கள். மைபோலக் கறுத்த நீர் முதலில் வரும். அது தெளியும்வரை எல்லாம் கழிவுக்கே போகும். தொடக்கத்தில் பிஎச் அளவு உயர்வதும், கரியில் உள்ள ஆர்சனிக் மிகச் சிறிதளவு கசிவதும் உண்டு. கிருமி நீக்கக் குளோரின் ஊற்றினால் கரி அதையே சிதைத்துவிடும். அதனால் கரியைக் கொண்டுவரும் வண்டி, குழாய், பணியாளரின் காலணி எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். பாக்டீரியா பரிசோதனை தேறிய பிறகே வடிகட்டி மீண்டும் இணைக்கப்படும்.

பழைய கரியை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் துளைகள் திறந்து மறுபடி பயன்படும். சின்சினாட்டி நகரம் 1992 முதல் தன் நிலையத்திலேயே உலை வைத்து இதைச் செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு போலக் கரி குறையும். அதைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கரி நிலக்கரியிலிருந்தும் மரத்திலிருந்தும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் தயாராகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் சிரட்டைக் கரி பெருந்தொழிலாக நடந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

வில்மிங்டனில் கரிக்கும் அதை மாற்றுவதற்கும் ஆகும் செலவு குடிமக்களின் தண்ணீர்க் கட்டணத்தில் ஏறியிருக்கிறது. குடிநீர் வாரியம் 2017இலேயே ஆலை நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஆற்றைக் கெடுத்தவர்தான் கரிக்கும் விலை கொடுக்க வேண்டும். அந்தச் செலவை நீரைக் குடிப்பவரிடம் வசூலிப்பது நியாயமல்ல.