வெளிநாட்டுக் குடியுரிமையும் விருத்தாசலத்து மனையும்

சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் விருத்தாசலத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், அங்கே மனை வாங்குவது அவரைப் பொறுத்தவரை அயல்நாட்டில் சொத்து வாங்குவதுதான். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன்கீழ் 2019இல் வந்த விதிகளும் அவரைக் கட்டுப்படுத்தும். ஓசிஐ (கடல்கடந்த இந்தியக் குடிமக்கள்) அட்டை இருந்தால் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமலே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. இந்தியக் குடியுரிமையை விடாமல் வளைகுடாவில் குடியிருந்து வேலை பார்ப்பவருக்கும் இதே தடைதான். தகப்பன் விட்டுப்போன வயல் வாரிசுரிமையாக வரலாம். பக்கத்து வயலை விலைக்கு வாங்கிச் சேர்க்க வழியில்லை.

செராமிக் தொழிலால் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றி நெல்வயலும் முந்திரித் தோப்புமாக இருப்பதால், இந்தத் தடை இங்கே வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. கல் நட்டு ‘பிளாட்’ என்று விற்கப்படும் இடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இன்னும் புன்செயாகவே இருக்கலாம். மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்த்தாக வேண்டும். விதியை மீறி வாங்கினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வெளிநாட்டில் வாழ்ந்து பழகியவர்கள் இன்னொன்றிலும் ஏமாறுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொதுவாக உரிமையாளர். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவு, அந்தப் பத்திரம் பதிவானது என்பதற்கு மட்டுமே சான்று. விற்றவருக்கு உரிமை இருந்தது என்று அரசு உறுதி கூறுவதில்லை. பட்டாவும் தனித்து நின்று உரிமையை நிலைநாட்டாது. ஆகவே மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய விற்பவர் வரை சொத்து கைமாறிய வழியை ஒருவர் உட்கார்ந்து படித்தே தீர வேண்டும். வழக்கறிஞர் வேண்டியிருப்பது முக்கியமாக இதற்குத்தான்.

30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது தொடக்கம் மட்டுமே. பதிவு செய்யாத உயிலும் நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். பூர்வீகச் சொத்தில் மகள்களின் பங்கு பெரும்பாலும் இப்படித்தான் மறைகிறது. இந்துக் குடும்பங்களில், தமிழ்நாட்டில் 1989லேயே மணமாகாத மகள்களுக்குச் சமபங்கு வந்தது; 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் விரிந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட கிரயப் பத்திரம், அக்காவோ தங்கையோ வழக்குப் போட்டால் ஆட்டம் காணும். விருத்தகிரீஸ்வரர் கோயில் போன்ற பழங்கோயில்கள் உள்ள வட்டாரம் என்பதால், கோயில் நிலமா என்று வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் அறநிலையத் துறையிலும் விசாரிப்பது அவசியம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு ஏதும் உண்டா என்பதும் கேட்கத் தக்கது.

இவற்றையெல்லாம் பார்க்கும் வழக்கறிஞர் வாங்குபவருடையவராக இருக்க வேண்டும். மனை விற்கும் நிறுவனமே ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞரின் சட்டக் கருத்தை நம்பி முன்பணம் கொடுப்பது பெருந்தவறு. பத்திரம் எழுதுபவர் வழக்கறிஞருக்கு மாற்றாகவும் முடியாது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று உறுதி செய்துகொண்டு, கட்டணத்தையும் வேலையின் எல்லையையும் எழுத்தில் பெறலாம். கருத்து எழுத்தில் கைக்கு வந்த பிறகே அட்வான்ஸ்.

நேரில் வர இயலாதவர் உறவினருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். இந்தச் சொத்தை வாங்குவதற்கு மட்டும் என்று எல்லை வகுத்து, இந்தியத் தூதரக அலுவலர் அல்லது நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அந்தப் பவர் பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். விற்பவரும் வெளிநாட்டில் இருந்தால், விலையில் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழும்.

பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது. பின்னாளில் வீட்டை விற்றால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து செலுத்திய தொகையை மீண்டும் வெளியே எடுத்துச் செல்லும் உரிமை இரண்டு குடியிருப்புச் சொத்துகளுக்கு மட்டுமே உண்டு. அப்போது பணம் செலுத்தியதற்கான வங்கி ரசீதுகள் கேட்கப்படும்.