மரத்தடி வைத்தியம்

நம் ஆழ்வார்பேட்டையில் நடு இரவில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கண்டால் வீடு முழுவதும் பரபரப்படைகிறது. ஆனால் யாரும் வழி தெரியாமல் திகைத்து நிற்பதில்லை. கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாவிட்டால், 1911-ம் வருஷம் முதல் ராயப்பேட்டையில் ஸர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளி வைத்தியரைத் தேடிப் போவதுதான் உலக வழக்கம் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். வைத்தியர் நோயாளியைத் தேடிக் கொண்டு மைல் கணக்காகப் பிரயாணம் செய்வதென்றால், அது கதைகளில் நடக்கிற காரியம் என்றே தோன்றும்.

அத்தகைய காரியம் நம் தமிழ் நாட்டிலேயே, வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே, வாரந்தோறும் நடந்து வந்தது. நடத்தியவர் ஓர் அமெரிக்க ஸ்திரீ. டாக்டர் ஐடா ஸ்கடர் என்று பெயர். அவருடைய பிரயாண நாள் எப்படிக் கழிந்தது, அதிலிருந்து என்ன விளைந்தது என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம். அன்னிய நாட்டார் நமக்குச் செய்யும் தொண்டை எந்தத் தராசில் நிறுப்பது என்ற கேள்விக்கும் அதில் விடை கிடைக்கும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அன்னியர் என்றாலும் ஐடா நம் மண்ணில் பிறந்தவர். பிறந்த ஊர் ராணிப்பேட்டை, வருஷம் 1870. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் வைத்தியம் செய்தவர். தகப்பனாரும் டாக்டர். ஆயினும் இந்தப் பெண்ணுக்குக் குலத்தொழிலில் ஆசை இருக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தைக் குழந்தைப் பருவத்தில் கண்ணாரக் கண்டவர் அவர். மீண்டும் இந்த நாட்டில் வாழ்வதில்லை என்று உறுதி செய்து கொண்டு அமெரிக்காவில் இருந்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. ஏறக்குறைய இருபது வயதில் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்புவதாகவே உத்தேசம்.

அங்கே ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு ஹிந்து வகுப்பினர். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் தவித்துக் கொண்டிருந்தாள். தாம் வைத்தியம் படிக்காதவர் என்றும், தகப்பனாரை அழைத்துப் போகலாம் என்றும் ஐடா சொல்லிப் பார்த்தார். அன்னிய ஆடவர் ஒருவர் மனைவியின் அறைக்குள் நுழைவதை மூவரும் ஒப்பவில்லை. பொழுது விடிந்தது. தெருவிலே சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

மூன்று வகுப்பாரும் மற்றெல்லாவற்றிலும் வேறுபட்டிருக்கலாம். பெண்ணின் உயிரைவிட வழக்கம் பெரிது என்பதில் அன்று ஒன்றுபட்டிருந்தார்கள். சென்னை வைத்தியக் கல்லூரியில் பெண்கள் படிக்க 1875-லேயே இடம் கொடுத்தாயிற்று. கோஷா ஸ்திரீகளுக்கென்று சென்னையில் 1885-ல் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. ஆனால் பட்டணத்தில் எரிந்த விளக்கின் வெளிச்சம் திண்டிவனத்தை எட்டவில்லை.

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிச் சென்று வைத்தியம் படித்தார். 1899-ல் நியூயார்க்கிலுள்ள கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ம் வருஷம் பிறக்கும் தறுவாயில் வேலூருக்கு வந்துவிட்டார். முதலில் தகப்பனார் வீட்டிலேயே சின்னஞ்சிறு அறை ஒன்றில் வைத்தியம். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது.

பிரயாண நாள்

ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் போதுமா? வேலூருக்கு வர மாட்டு வண்டிக்குக் கூலி வேண்டும்; வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு நாள் வேலை கெடும். ஆகவே நோய் முற்றி, உயிர் ஊசலாடும் போதுதான் ஜனங்கள் வருவார்கள். வந்த பிறகு செய்ய ஒன்றுமிராது. இதைக் கண்ட ஐடா, சென்ற நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களிலேயே தாமே கிராமங்களுக்குப் புறப்பட்டுவிட்டார். வேலூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோ மீட்டருக்கு அப்பால் நெசவுக்குப் பெயர் போன குடியாத்தம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் அந்த ஊருக்கு என்று ஏற்பாடு.

முதலில் மாட்டு வண்டி. 1909 வாக்கில் ஒற்றை ஸிலிண்டர் பியூஜோ மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. மாடும் குதிரையும் இல்லாமல் புகையைக் கக்கிக் கொண்டு தானே ஓடி வரும் வண்டியைப் பார்த்து, பேய் வருகிறதென்று கிராமத்தார் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தார்களாம். அந்தப் பேய்க்குள்ளிருந்து மருந்துப் புட்டிகளும் கட்டுத் துணியும் இறங்குவதைக் கண்ட பிறகு பயம் தெளிந்தது. பிறகு வண்டியின் சத்தத்துக்காகவே காத்திருக்கலானார்கள்.

சாலையோரத்தில் நிழல் மரம் ஒன்று இருந்தால் அதுதான் ஆஸ்பத்திரி. கண் நோய்க்காரர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், இடுப்பில் குழந்தையுடன் தாய்மார்கள் என்று கூட்டம் கூடிவிடும். சீழ்க் கட்டியை அங்கேயே கீறிக் கட்டுவார்கள். அங்கே தீராத நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வரும்படி சொல்லுவார்கள். ஊருக்குள் அனுமதிக்கப்படாத குஷ்டரோகிகளுக்கும் அந்த மரத்தடியில் சிகிச்சை உண்டு. நம் ஊர்களில் கிணற்றடியிலும் கோயிலிலும் பேதம் பார்த்த காலம் அது. ஆலமரமும் புளியமரமும் யாருக்கு நிழல் தருவது என்று ஜாதி கேட்பதில்லை; அந்த டாக்டரும் கேட்கவில்லை.

இது ஒரு நாள் உற்சாகமல்ல. ஒரு நாள் கிராமத்துக்குப் போய்ப் பரிதாபப்பட்டுவிட்டு வருவது யாருக்கும் சாத்தியம். அடுத்த வாரமும் அதே மரத்தடியில், அதே புண்ணின் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதுதான் தொண்டு.

மற்ற ஆறு நாட்கள்

ஆனால் வாரத்துக்கு நாட்கள் ஏழு. பிரசவ வேதனை கிழமை பார்த்து வருவதில்லை. டாக்டர் வரும் நாளுக்கு மறு நாள் இடுப்பு வலி கண்ட பெண்ணுக்கு யார் கதி? ஓர் அன்னிய ஸ்திரீ எத்தனை மரத்தடிக்குத்தான் ஓட முடியும்? இந்தக் கேள்விக்கு விடை ஒன்றே. அந்தந்த ஊர்ப் பெண்களே வைத்தியம் கற்க வேண்டும்.

1909-ல் நர்ஸுகளுக்குப் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1918-ல் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பெண்கள் இதில் தேறுவார்களா என்று வைத்திய இலாகாவின் பெரிய உத்தியோகஸ்தர்களே ஐயப்பட்டார்கள். 1922-ல் முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் படிப்பை முடித்து டாக்டர்களாக வெளிவந்தார்கள். பெண்களுக்குப் பாடம் சொல்லித் தரும் தொழிலில் இருக்கிற நமக்கு, குடியாத்தம் சாலையில் ஓடிய மோட்டாரைவிட இந்தப் பதினாலு பேர்தான் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. 1942-ல் அது எம்.பி.பி.எஸ். படிப்பு உள்ள கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது.

தராசு

அவர் மிஷனைச் சேர்ந்தவர் ஆயிற்றே, மதப் பிரசாரமும் அதன் நோக்கந்தானே என்று சிலர் கேட்கலாம். ஆம், அதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. தேசத்தின் சுதந்திரப் போரிலும் அவர் கலந்து கொண்டவரல்லர். அதே வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூரில், டாக்டர் ஜேசுதாசனுடன் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய ஸ்காட்லாந்துக்காரர் பேட்டன் வேறு விதமானவர். கதர் உடுத்தி வாழ்ந்தார். 1932-ல் சென்னையில் அன்னியத் துணி மறியலின்போது போலீஸாரிடம் அடியும் பட்டார். எல்லாத் தொண்டரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர்.

அன்னியர் செய்யும் தொண்டை நிறுக்க நமக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். அவர் போன பிறகு வேலை நிற்கிறதா, நடக்கிறதா? அவருக்கு நன்றி சொல்லும் கைகளை மட்டும் விட்டுச் சென்றாரா, அவருடைய வேலையைச் செய்யும் கைகளை விட்டுச் சென்றாரா?

ஐடா 1946-ல் ஓய்வு பெற்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஆந்திர தேசத்து விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாஸரஸ் வேலூர் ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார். 1960-ல் கொடைக்கானலில் ஐடா காலமான போது எந்தக் கதவும் மூடப்படவில்லை. குடியாத்தத்தை அடுத்த கே.வி. குப்பத்தில் 1977-ல் கிராம சுகாதாரத்துக்கென்றே ஒரு தனிப் பகுதியை அக்கல்லூரி தொடங்கியது.

இன்றும் வெளிநாட்டு வாலிபர்கள் விடுமுறையில் நம் கிராமங்களுக்கு வருகிறார்கள். சுவருக்கு வர்ணம் அடிக்கிறார்கள். குழந்தைகளோடு படம் எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல மனசு, வரவேற்போம். பட்டணத்திலிருந்து ஒரு நாள் சேவைக்குப் போகும் நம் பிள்ளைகளையும் வாழ்த்துவோம். ஆனால் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புவோம்: அடுத்த வாரமும் போங்கள், நீங்கள் போக முடியாத நாளில் அந்த வேலையைச் செய்ய அந்த ஊரிலேயே ஒருவரைத் தயார் செய்துவிட்டு வாருங்கள்.