படம் பிடித்த குரங்கும் பாட்டி பார்த்த புலியும்

கைப்பேசி காணாமல் போனால் நாம் என்ன செய்வோம்? வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவோம். பிள்ளைகளை அதட்டுவோம். அதுவும் பலிக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகப்படுவோம். 2020 செப்டம்பரில் ஜொகூர் மாநிலம் பத்து பகாட்டில் ஓர் இளைஞர் தூங்கி எழுந்தபோது கைப்பேசியைக் காணோம். திருடன் வந்து போன அடையாளம் எதுவும் இல்லை. கைப்பேசியின் உறை மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் அவருடைய தந்தை வீட்டுக்கு வெளியே ஒரு குரங்கைக் கண்டார். இளைஞர் தம்முடைய எண்ணுக்கே அழைத்துப் பார்க்க, பின்புறக் காட்டுக்குள்ளிருந்து மணியோசை கேட்டது! ஒரு மரத்தடியில் சேறு பூசிக் கிடந்தது கைப்பேசி. “திருடனுடைய படம் உள்ளே இருந்தாலும் இருக்கும்” என்று உறவினர் ஒருவர் கேலியாகச் சொன்னாராம். துடைத்துத் திறந்து பார்த்தால், படம் படமாகக் குரங்கின் முகம்!

குரங்கு தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தீர்த்தன. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. அந்த வீடியோவில் குரங்கு கைப்பேசியை வாய்க்குள் திணிக்கத்தான் பார்க்கிறது. தின்பண்டம் என்று நினைத்து எடுத்துப் போயிருக்கும். எங்கேயோ விரல் பட்டது, படம் விழுந்தது. திருடனே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டான்!

இதை விடப் பெரிய கூத்து நமக்கு அடுத்த நாடான இந்தோனேசியாவில் தொடங்கியது. சுலாவெசித் தீவில் கொண்டை வைத்த கருங்குரங்குகள் உண்டு. அவற்றைப் படம் எடுக்க 2008-இல் டேவிட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் போனார். ஒரு குரங்கு அவருடைய கேமராவின் பொத்தானை அழுத்திவிட்டது. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது போன்ற அந்த முகம் 2011-இல் பத்திரிகைகளில் வெளிவந்து உலகத்தையே சிரிக்க வைத்தது. அதன் பின்தான் சண்டை. படம் யாருக்குச் சொந்தம்? கேமராவைக் கொண்டு போனவருக்கா, பொத்தானை அழுத்திய குரங்குக்கா?

விலங்கு எடுத்த படத்துக்குப் பதிப்புரிமை பதிய முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2014-இல் சொல்லிவிட்டது. பீட்டா என்ற விலங்கு உரிமை அமைப்பு விடவில்லை. குரங்குக்கு நாருத்தோ என்று பெயர் சொல்லி, அதன் சார்பில் 2015-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. நம் தோட்டங்களில் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் வக்கீல் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! குரங்குக்கு வக்கீல் கிடைத்துவிட்டார். முதல் நீதிமன்றத்தில் குரங்குக்குத் தோல்வி. 2017-இல் சமரசம் பேசினார்கள். அந்தப் படத்தால் இனி வரும் வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கை இந்தக் குரங்குகளைக் காக்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பதாக ஸ்லேட்டர் ஒப்புக்கொண்டார். மறு வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குரங்கு பதிப்புரிமை வழக்குப் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. இத்தனை ஆரவாரத்தில் பலர் கவனிக்காத ஒன்று, அந்த இனமே அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பது.

நம் செம்பனைக் காட்டுக் குரங்குக்கும் ஒரு வழக்கு உண்டு. குரங்கென்றால் பழம் தின்னும் திருட்டுக் கழுதை, கண்டால் விரட்டு, முடிந்தால் சுடு என்பதுதானே வழக்கம்? தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, மலாய்க்காரர்கள் பெரூக் என்று சொல்லும் அந்தக் குட்டைவால் குரங்கை, பேராக்கில் செகாரி வட்டாரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளியானது. குரங்கு பழம் தின்கிறது, உண்மைதான். அதனால் விளைச்சலில் ஏற்படும் நஷ்டம் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. எலியால் வரும் நஷ்டமோ நூற்றுக்குப் பத்து வரை! பகலில் எலிகள் செம்பனை மரத்து மட்டை இடுக்குகளில் பதுங்கிக் கிடக்கும். இந்தக் குரங்குகள் அந்த இடுக்குகளைக் கிளறி எலியைப் பிடித்துத் தின்கின்றன. ஒரு கூட்டம் வருடத்துக்கு 3,000 எலிகளுக்கு மேல் தீர்த்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எலி பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டிக் கொடுக்கும் தோட்டங்களில், அதே வேலையைச் செய்யும் குரங்குக்குத் துப்பாக்கி!

மனிதர் பின்தொடர முடியாத விலங்குகளும் இருக்கின்றனவே, அவற்றை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ஆளில்லாமல் காட்டில் விட்டு வரும் கேமரா. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் முதலைகளைப் பார்க்க ஆற்றோரம் வைத்த அப்படிப்பட்ட ஒன்றை 2013-இல் ஒரு கழுகு தூக்கிக்கொண்டே பறந்துவிட்டது! நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது கிடைத்தது. உள்ளே கழுகு பறந்த காட்சியும், கண்ணாடியை அது கொத்திய காட்சியும் இருந்தன.

நம் நாட்டுக் காடுகளில் இந்தப் பெட்டிகளை விலங்குத் தடத்தின் ஓரம் மரத்தில் கட்டுகிறார்கள். சூடான உடம்பு ஒன்று குறுக்கே போனால் அது உணர்ந்து படம் எடுத்துக்கொள்ளும். புலிக்கென்றால் தடத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ஏனென்றால் நம் கைரேகை போலப் புலியின் வரியும் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இராது. வலப்பக்கத்து வரி வேறு, இடப்பக்கத்து வரி வேறு. இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் இது புதுப் புலியா, போன வாரம் வந்த அதே புலியா என்று பிரிக்க முடியும். 1950-களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்தன என்று ஒரு மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு என்று தெரிந்தது.

அந்த 3,000-இல் ஒன்றை என் பாட்டி பார்த்திருக்கிறாள். விடியாத வேளையில் பால்மரம் வெட்டப் போனவள், நெரையின் கோடியில் அது குறுக்கே நடந்ததைக் கண்டு, வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடி வந்தாள். “கனவு கண்டியா ஆத்தா? நாயைப் பார்த்திருப்பே” என்றார் கங்காணி. “நாய்க்கு உடம்பெல்லாம் கோடு இருக்குமாய்யா?” என்று பாட்டி திருப்பிக் கேட்டாளாம். மழை பெய்து காலடித் தடம் கலைந்துவிட்டது. வேலையை விட்டு ஓடியதற்காகத் துரை அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார். நான்காம் நாள் கிராணி வீட்டுக் கன்றுக்குட்டி போனது. அதன் பிறகு யாரும் பாட்டியைப் பரிகாசம் செய்யவில்லை. அரைநாள் சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை.

புலி குறைந்துவிட்டது, பயம் குறையவில்லை. 2023-இல் கிளந்தானில் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி உயிர்ச் சேதம் ஏற்பட்டது. இப்போது ஓரிடத்தில் புலி நடமாட்டம் என்று புகார் போனால் பெர்ஹிலித்தான் இலாகாவினர் வந்து கேமரா கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அப்படி எடுத்த இரவுப் படம் ஒன்றை அண்மையில் என் அம்மாவிடம் காட்டினேன். கறுப்பு வெள்ளையில் ஒரு புலி, கண் இரண்டும் மின்ன, தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“யாரு எடுத்தது?”

“ஆள் இல்லைம்மா. மரத்துல கட்டின பெட்டி, அதுவே எடுத்துக்கிட்டது.”

“ஓகோ. அதுக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கலையா?” என்றாள்.