நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம்!

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு ஓசூரில் வீடு. காலையில் பஸ் ஏறினால் அத்திப்பள்ளியில் மாநில எல்லை. பஸ் எல்லையைத் தாண்டும்போது சட்டைப் பையில் உள்ள செல்போனும் எல்லை தாண்டுகிறது. ஓசூர், தமிழ்நாடு தொலைபேசி வட்டம். எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக வட்டம்.

ஒரு காலத்தில் இந்த எல்லைக்கு விலை இருந்தது. 'ரோமிங்' என்று பெயர். ஊரிலிருந்து தாயார் கூப்பிட்டால், பேசும் தாய்க்கும் காசு, கேட்கும் மகனுக்கும் காசு! வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 75 காசு வரை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, 2015 மே மாதம்தான் 'டிராய்' ஆணையம் 45 காசாகக் குறைத்தது. சிக்கனக்காரர்கள் இரண்டு சிம் வைத்துக் கொண்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது என்றது. மற்ற கம்பெனிகளும் 2017-ல் அதே வழிக்கு வந்தன.

இதற்கு முன்பே வாடிக்கையாளர் கையில் ஓர் ஆயுதம் கிடைத்திருந்தது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ந் தேதி நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலை 3 முதல், வேறு மாநிலத்துக்குப் போனாலும் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம் என்று ஆனது.

நம்பர் என்ன, வெறும் பத்து எண்தானே என்று நினைக்கலாம். பாங்கிக் கணக்கு, கியாஸ், ஊரில் உள்ள ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழ்நாட்டில் முடங்கியபோது, நம்பரைக் காப்பாற்ற மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

காசா, டவரா?

வாடிக்கையாளர் எதில் திருப்தி அடைகிறார்? விளம்பரத்தில் அல்ல. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஆனால் அதன் 4ஜி அப்போது எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கணக்கு மறுபடி இறங்கத் தொடங்கியது. மலிவு ஆளை இழுத்து வந்தது. டவர் நிறுத்தி வைக்கவில்லை. ஷிப்டு முடிந்து ராத்திரி அறைக்கு வருகிறவருக்கு, ஊர்க்குரல் அறுபடாமல் கேட்க வேண்டும். புகார் சொன்னால் பதில் வரவேண்டும்.

மாறுவது எப்படி?

'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதற்கு ஆயுள் 4 நாள்தான். அதற்குள் புதிய கம்பெனிக் கடையில் அடையாள அட்டையுடன் விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டுக்காரர்கள் பில் பாக்கி வைத்திருந்தால் குறியீடு வராது. அதே மாநிலம் என்றால் 3 வேலை நாள். தமிழ்நாட்டு நம்பரைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவர 5 வேலை நாள் ஆகும்.