இரவில் விழித்திருக்கும் நம் பெரியோர்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை வழங்கச் செல்லுங்கால், வீட்டுக்கு வீடு நாம் கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. "சாமி, இராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அதற்குமேல் கண் மூடுவதில்லை" என்பர் பெரியோர். "வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எங்களையும் உறங்கவிடுவதில்லை" என்பர் பிள்ளைகள். தாய் ஒருவர் இவ்வாறு முறையிட்டபோது, "செபமாலை சொல்லுங்கள் அம்மா, உறக்கம் வரும்" என்று கூறி வந்துவிட்டோம். வீட்டார் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து வந்ததை நாம் கேட்டறியவில்லை. நள்ளிரவில் தள்ளாடி விழுந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்த பின்னரே அறிந்தோம். இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்தது அதனால்தான்.

மூளையில் நிகழ்வது என்ன?

வயது ஏற ஏற உறக்கத்தின் அளவு மட்டுமன்று, அதன் தன்மையும் மாறுகிறது. ஆழ்ந்த உறக்கம் நடுவயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது. முதுமையில் உறக்கம் துண்டு துண்டாகிறது. இது பிடிவாதமுமன்று, பேயின் வேலையுமன்று. விழிப்பை அடக்கி உறக்கத்தைக் காக்கும் நரம்பணுக்களின் கூட்டம் ஒன்று மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. தம் மூளையை ஆய்வுக்கென ஈந்து மறைந்த சிக்காகோ முதியோர் சிலரைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இவ்வணுக்கள் எவரிடம் குறைந்திருந்தனவோ, அவர்தம் உறக்கமே மிகுதியாகத் துண்டுபட்டிருந்தது என அது காட்டியது.

அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் நாள்தோறும் உண்டாகிறது. அல்சைமர் என்னும் மறதி நோயில் படிந்து கிடப்பது இதுவே. ரோச்செஸ்டர் பல்கலைக்கழக அறிஞர் மைக்கன் நெடர்கார்டு குழுவினர் எலிகளை ஆராய்ந்து, உறக்கத்தின்போது இப்புரதம் விரைவாக அகற்றப்படுகிறது என 2013-இல் அறிவித்தனர். இதற்கு மாறான முடிவைக் கூறும் எலி ஆய்வும் 2024-இல் வெளிவந்தது; அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

மனிதரைப் பற்றிய சான்றும் உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்து 2021-இல் வெளியான ஆய்வின்படி, 50 வயது முதல் 70 வயது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியோர்க்கு, ஏழு மணி நேரம் உறங்கியோரைவிட மறதி நோய் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதி. எனினும் உறக்கக் குறைவு நோய்க்குக் காரணமா, அன்றி அதன் முன்னறிகுறியா என்பது முற்றும் தெளிவாகவில்லை. ஆதலின் அச்சம் வேண்டா, அக்கறை வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

பெரியோரைக் காலை வெயிலில் சற்று நடக்கச் செய்யுங்கள். கோயிலுக்கு நடந்து வருதல் ஆன்மாவுக்கும் உடலுக்கும் நன்று. பகலுறக்கம் அரைமணிக்கு மேற்பட வேண்டா. பிற்பகலுக்குப்பின் காப்பியும் தேநீரும் தவிர்க்கப்படட்டும். அவர்கள் படுக்கும் கூடத்தில் நள்ளிரவுவரை தொலைக்காட்சி அலறுமாயின், குற்றம் எவருடையது? உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுதலும் காணப்பட்டால் மருத்துவரிடம் கூறுங்கள். மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையைக் கொடாதீர்கள். அது முதியோரைக் குழப்பும், வீழ்த்தும். கழிப்பறை செல்லும் வழியில் சிறு விளக்கொன்று எரியட்டும்.

சோர்ந்து சாக விரும்பிய எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், பின் வானதூதர் வழியாக உணவளித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், உறங்கும் சூசையப்பர் சுரூபத்தைத் தம் மேசைமேல் வைத்திருந்ததையும், தம் கவலைகளை எழுதி அதனடியில் வைப்பதையும் 2015-இல் மணிலாவில் குடும்பங்களிடம் எடுத்துரைத்தார். உறக்கமும் இறைவனின் கொடை அன்றோ!

இன்றிரவு உங்கள் தாயோ தந்தையோ விழித்தமர்ந்திருக்கக் கண்டால், "ஏன் இன்னும் தூங்கவில்லை?" என்று கடியாமல், "என்ன செய்கிறது அம்மா? எங்கே வலிக்கிறது அப்பா?" என்று கேளுங்கள். செபமாலை சொல்லச் சொல்லுமுன் நாமும் இனி அதனையே கேட்போம்.