விசா எழுத்து வகுத்த தெரு: கொரியாவின் வொன்கொக்-தொங்

தென் கொரியாவில் வெளிநாட்டவர் பேட்டை எது என்று கேட்டால், பலரும் சியோலின் இட்டேவோனைத்தான் சொல்வார்கள். அமெரிக்கப் படைத்தளத்தை ஒட்டி வளர்ந்த கடைவீதி, 1976-ல் திறக்கப்பட்ட மசூதி, மதுக்கூடங்கள், ஆங்கிலம் பேசும் கடைக்காரர்கள். சுற்றுலாப் பயணிக்கு அது போதும். ஆனால், கொரியாவில் வசிக்கும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவரின் அன்றாடத்தைப் பார்க்க வேண்டுமென்றால், மெட்ரோவின் நான்காவது தடத்தில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் தென்மேற்கே போக வேண்டும். ஆன்சான் நிலையத்தில் இறங்கி, பெரிய சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதையைக் கடந்தால் வொன்கொக்-தொங். ‘தொங்’ என்பதை நகராட்சி வார்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆன்சான் நகரில் குடிபெயர்ந்து வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். கொரிய நகரங்களில் இதுதான் முதலிடம். 100-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வொன்கொக்-தொங்கில் கொரியர்களே சிறுபான்மை. ‘எல்லையற்ற கிராமம்’ என்று தொண்டு அமைப்புகள் இந்தப் பகுதிக்குப் பெயர் வைத்தன. பிறகு 2009-ல் அரசு இதைப் ‘பல்பண்பாட்டுச் சிறப்பு மண்டலம்’ என்று அறிவித்தது. பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால், இந்தத் தெருவில் யார் தனியாக வாழ்கிறார், யார் மனைவி மக்களோடு வாழ்கிறார், யார் கடை போடுகிறார், யார் போலீஸைக் கண்டால் ஒதுங்குகிறார் என்பதையெல்லாம் முடிவு செய்வது ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் அச்சிட்டிருக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். இ-9, எச்-2, எஃப்-4 என்ற அந்தக் குறிகளைப் புரிந்துகொண்டால் இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டதுபோலத்தான்.

தொழிற்பேட்டையின் பின்கட்டு

ஆன்சான் பழைய ஊர் அல்ல. திட்டமிட்டுக் கட்டிய தொழில் நகரம். சியோலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சிறு ஆலைகளை வெளியேற்ற 1970-களின் கடைசியில் பான்வோல் தொழிற்பேட்டை திட்டமிடப்பட்டது. 1986-ல் ஆன்சான் நகரமானது. பிறகு பக்கத்திலேயே சிஹ்வா தொழிற்பேட்டையும் வந்தது. முலாம் பூசுவது, சாயமேற்றுவது, அச்சு வார்ப்பது, வாகன உதிரிபாகம் செய்வது என்று பெரிய நிறுவனங்களுக்குக் கீழே வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள்தான் இங்கே அதிகம். அவற்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருந்ததால், வொன்கொக்-தொங் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. முதலில் குடிவந்தவர்கள் கொரியாவின் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள்.

1980-களின் இறுதியில் கொரியர்களுக்குக் கூலி உயர்ந்தது, படிப்பு உயர்ந்தது. அழுக்கும் ஆபத்தும் நிறைந்த பட்டறை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1997 நிதி நெருக்கடியில் பல ஆலைகள் படுத்தபோது, எஞ்சியிருந்த கொரியத் தொழிலாளர்களும் கிளம்பினார்கள். காலியான ஒண்டுக்குடித்தன அறைகளை, முன்பணத்தைக் குறைத்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டவருக்கு விட்டார்கள். பெருந்தன்மையால் அல்ல, வாடகை வராவிட்டால் வங்கிக் கடனை அடைக்க வேறு வழி இல்லை என்பதால்.

அப்போது வந்தவர்களுக்குத் ‘தொழில் பயிற்சியாளர்’ என்று பெயர். 1993-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் வேலை முழு வேலை. சட்டப் பாதுகாப்பு மட்டும் தொழிலாளிக்கு உரியது இல்லை. 1995 ஜனவரியில் நேபாளப் பயிற்சியாளர்கள் 13 பேர், சியோலின் மியோங்தொங் தேவாலயத்தில் உடலில் சங்கிலி சுற்றிக்கொண்டு அமர்ந்தார்கள். நாடு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது. நியமிக்கப்பட்ட ஆலையை விட்டு ஓடி, வேறிடத்தில் கூடுதல் கூலிக்குச் சேர்ந்தவர்கள் ஒரே நாளில் ‘சட்டவிரோதிகள்’ ஆனார்கள். அவர்கள் ஒளிந்து வாழ வசதியாக இருந்த இடங்களில் வொன்கொக்-தொங்கும் ஒன்று.

2004 ஆகஸ்டில் வேலை அனுமதித் திட்டம் வந்தது. அதே ஆண்டு கொரியத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைப் பாத்திரம் பெரும் புகழ் பெற்றது: பிளாங்கா என்ற இலங்கைத் தொழிலாளி. கொரிய நடிகர் ஒருவர் உடைந்த கொரிய மொழியில், ‘முதலாளி கெட்டவர்’ என்று புலம்புவார், நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதி குற்ற உணர்வு, மீதி கேலி என்றே எனக்குத் தோன்றுகிறது. இலங்கையர் பலர் அதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று விதமான அண்டைவீட்டார்

இப்போது அந்த எழுத்துகளுக்கு வருவோம். இ-9 என்பது வேலை அனுமதித் திட்டத்தில் வருபவரின் விசா. இலங்கை, நேபாளம், வங்கதேசம், வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் உள்ளிட்ட நாடுகளோடு கொரிய அரசு நேரடி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. கொரிய மொழித் தேர்வில் தேறியவர்களின் பட்டியலிலிருந்து முதலாளி ஆளை எடுப்பார். கொரியருக்கு உள்ள குறைந்தபட்சக் கூலிதான் இவர்களுக்கும். 2025-ல் மணிக்கு 10,030 வோன். ஆசியாவின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது நேர்மையான ஏற்பாடுதான்.

கட்டுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. குடும்பத்தை அழைத்து வர முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முறைதான் வேலை மாறலாம். அதற்கும் முதலாளியின் சம்மதமோ, கூலி பாக்கி, அடிதடி போன்ற நிரூபிக்கத்தக்க காரணமோ வேண்டும். விலகிய பிறகு குறித்த காலத்துக்குள் அடுத்த வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று 2021-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒருமுறை வந்தால் தங்கக்கூடிய உச்ச காலம் 4 ஆண்டு 10 மாதம். ஏன் இந்தக் கணக்கு? தொடர்ந்து ஐந்தாண்டு வசித்தவர் நிரந்தர வசிப்புரிமையும் குடியுரிமையும் கேட்க வழி திறக்கும் என்பதால், அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கதவைச் சாத்துகிறார்கள். ஒரே முதலாளியிடம் நன்றாக வேலை செய்தவர் ஊருக்குப் போய்விட்டு மீண்டும் ஒரு 4 ஆண்டு 10 மாதத்துக்கு வரலாம். வாலிபத்தில் பத்தாண்டு போய்விடும். அவர் கணக்கில் ஐந்தாண்டு சேராது.

எச்-2, எஃப்-4 வைத்திருப்பவர்களின் கதை வேறு. இவர்கள் வெளிநாட்டில் பிறந்த கொரிய வம்சாவளியினர். பஞ்சத்துக்கும் ஜப்பானிய ஆட்சிக்கும் தப்பி மஞ்சூரியா போனவர்களின் பேரப்பிள்ளைகள் சீனாவிலிருந்து வருகிறார்கள். 1937-ல் ஸ்டாலின் ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்திய கொரியர்களின் வாரிசுகள், ரஷ்ய மொழி பேசிக்கொண்டு உஸ்பெகிஸ்தானிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வருகிறார்கள். அனுமதிக்கப்பட்ட துறைகளுக்குள் இவர்கள் வேலை மாறலாம். எஃப்-4 பெற்றவர் குடும்பத்தோடு வாழலாம், கடை வைக்கலாம்.

வொன்கொக்-தொங் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் சீன எழுத்தில் இருப்பதற்கும், ஆட்டிறைச்சிக் கம்பிக் கபாப் கடைகள் வரிசை கட்டி நிற்பதற்கும் இதுவே காரணம். இலங்கை, நேபாள உணவகங்கள் இருக்கின்றன. ஆனால், இ-9 காரருக்குச் சொந்தமாகக் கடை திறக்க அனுமதி இல்லை. அவர் வாடிக்கையாளர் மட்டும்தான். மத்திய ஆசியக் கொரியர்கள் பக்கத்திலுள்ள சோன்பு-தொங்கின் ‘தெட்கோல்’ பகுதியில் தங்களுக்கென்று ஒரு தெருவே அமைத்துக்கொண்டார்கள். அங்கே தந்தூர் ரொட்டியும் சம்சாவும் கிடைக்கும். வம்சாவளியிலும் ஒரு வேலி இருந்தது: நான்காம் தலைமுறையைச் சட்டம் உறவாக ஏற்காததால், பெற்றோருடன் வளர்ந்த பிள்ளை வயது வந்ததும் வெளியேற வேண்டியிருந்தது. 2019-ல்தான் விதியைத் திருத்தினார்கள்.

மூன்றாவது வகையினருக்கு எழுத்தே இல்லை. விசா காலாவதியானவர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய 4 லட்சம் பேர் என்கிறது அரசுக் கணக்கு. குடிநுழைவுத் துறையின் வேன் வந்துவிட்டது என்ற செய்தி பரவினால், வார நாளிலும் தெரு வெறிச்சோடும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்

ஆலை விடுதியில் படுப்பவர்களுக்கு இந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமை ஊர். அன்று சுற்றுவட்டார நகரங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வங்கிக் கிளைகள் சில ஞாயிறன்று திறந்திருக்கின்றன. கொரியாவில் வேறெங்கும் அரிதான காட்சி இது. பணம் அனுப்புவதற்கென்றே வந்தவர்களின் வரிசை அங்கே நீளும். 2017-ல் சிறு தொகைப் பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, கைபேசியிலேயே அனுப்பும் வழக்கமும் பரவியிருக்கிறது.

தெருவில் கண்ணில் படும் இன்னொரு வகைப் பலகை, ஆள் அனுப்பும் அலுவலகங்களுடையது. விடியற்காலையில் அங்கே நின்றால் அன்றைய கூலி வேலை கிடைக்கும். வேனில் ஏற்றி ஏதோ ஓர் ஆலை வாசலில் இறக்கிவிடுவார்கள். யாரிடம் வேலை செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. 2024 ஜூனில் பக்கத்து நகரமான ஹ்வாசோங்கில் லித்தியம் பேட்டரி ஆலை எரிந்து 23 பேர் இறந்தார்கள். 18 பேர் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனக் குடிமக்கள். இறந்தவர்களில் பலர் இப்படி வெளியாள் மூலம் அனுப்பப்பட்டவர்களே. அவசர வழி எது என்றுகூடச் சொல்லித்தரப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது.

குடியிருப்பவருக்கும் பழைய கொரிய அண்டைவீட்டாருக்கும் சண்டை வருவது பெரும்பாலும் குப்பையால்தான். கொரியாவில் 1995 முதல் நகராட்சி விற்கும் பையை விலைக்கு வாங்கி, அதில் கட்டிய குப்பையை மட்டுமே எடுப்பார்கள். மட்கும் உணவு தனி, மறுசுழற்சி தனி. நேற்று விமானத்திலிருந்து இறங்கியவர் சாதாரணப் பையில் கட்டி மூலையில் வைத்தால் அது அங்கேயே நாறும். பல மொழிகளில் எச்சரிக்கை எழுதி, கேமராவும் மாட்டியிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் 2019 ஜூலை முதல் ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும். ஆலைச் சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு இது வரம்; அன்றாடக் கூலிக்காரருக்கு மாதாமாதம் ஒரு பாரம். இணையத்தில் எதை வாங்கினாலும் சொந்தப் பெயரிலுள்ள கைபேசி எண்ணால் அடையாளம் காட்டச் சொல்வார்கள். நீளப் பெயர்க்காரர்கள் அட்டையில் ஒரு மாதிரியும் சிம்மில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டு மாட்டிக்கொள்வது வழக்கம்.

பத்துக்கு ஏழு

நகராட்சியைக் குறை மட்டும் சொல்ல முடியாது. 2008-லேயே வெளிநாட்டுக் குடியிருப்போருக்கென்று தனி மையம் கட்டியது. அங்கே மொழிபெயர்ப்பாளர்கள், கொரிய வகுப்புகள், கூலி பாக்கி வழக்குக்கு ஆலோசனை எல்லாம் உண்டு. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மத்திய அரசு மழலையர் கட்டண உதவி தராதபோது, 2018-ல் ஆன்சான் தன் பணத்தில் தரத் தொடங்கியது. நாட்டில் அதுதான் முதல். 2020-ல் ஐரோப்பிய கவுன்சிலின் பண்பாட்டிடை நகரங்கள் அமைப்பில் சேர்ந்தது. ஆசியாவில் ஜப்பானின் ஹமாமட்சுவுக்கு அடுத்து இதுதான்.

அதே 2020-ல் கொரோனா நிவாரணமும் கொடுத்தது. கொரியருக்கு ஒரு லட்சம் வோன், வெளிநாட்டவருக்கு 70,000. சியோல் உள்ளிட்ட இடங்களில் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு எதுவுமே இல்லாத நேரத்தில் இது துணிச்சலான முடிவுதான். இருந்தும், அரிசி விலையில் யாருக்கும் முப்பது சதவீதத் தள்ளுபடி கிடையாது. மறு ஆண்டு மார்ச்சில், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சியோலும் கியோங்கி மாகாணமும் உத்தரவிட்டன. எதிர்ப்புக் கிளம்பியதும் சியோல் பின்வாங்கியது. ஆன்சானை உள்ளடக்கிய கியோங்கி பின்வாங்கவில்லை. பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் கொரியாவில் இன்றுவரை இல்லை. 2007 முதல் மசோதாக்கள் வருவதும் காலாவதியாவதுமாக இருக்கின்றன.

‘அங்கே ராத்திரியில் போகாதே’ என்று சியோல்காரர்கள் சொல்லும் பேட்டைகளில் வொன்கொக்-தொங்கும் உண்டு, சியோலின் தேரிம்-தொங்கும் உண்டு. ஆள்தொகைக் கணக்கில் வெளிநாட்டவரின் குற்ற விகிதம் கொரியர்களைவிடக் குறைவு என்று அரசுப் புள்ளிவிவரங்கள் ஆண்டுக்கு ஆண்டு காட்டினாலும் பயம் போகவில்லை. சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. 2017-ல் வந்த ‘மிட்நைட் ரன்னர்ஸ்’ படம் தேரிம்-தொங்கைப் போலீஸே நுழையத் தயங்கும் இடமாகக் காட்டியது. அங்குள்ள சீனக் கொரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2020-ல் நீதிமன்றத்தின் சமரசப் பரிந்துரையை ஏற்றுத் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

எனக்குக் கவலை தருவது தெருவைவிடப் பள்ளிக்கூடம். வொன்கொக் தொடக்கப் பள்ளியில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் குடிபெயர்ந்த குடும்பத்தினர். ஆசிரியர் கொரிய மொழியில் சொல்வதைப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழியிலும் சீனத்திலும் யாராவது சொல்ல வேண்டும். கொரியப் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். கொரிய மொழி பேசும் நண்பன் கிடைக்காமல் ஒரு பிள்ளை எப்படிக் கொரிய மொழி கற்கும்? 2008-ல் வந்த பல்பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டமும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உதவாது. குடும்பத்தில் ஒருவராவது கொரியக் குடிமகனாக இருந்தால்தான் அதன் கணக்கில் ‘பல்பண்பாட்டுக் குடும்பம்’.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு தகவல். வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, இந்தியா இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் மாணவர், ஆராய்ச்சியாளர், பொறியாளர் என்ற வேறு விசாக்களில்தான் போகிறார்கள். இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு என்பதால், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இ-9 வாங்கித்தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் மோசடிக்காரரே.

இனி இந்த வட்டாரம் மாறப்போகிறது. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் கொரியா, நான்காண்டுக்கு மேல் உழைத்துக் கொரிய மொழியும் தெரிந்த இ-9 தொழிலாளர்களைத் தேர்ச்சியாளருக்கான இ-7-4 விசாவுக்கு மாற்றும் ஆண்டு ஒதுக்கீட்டை, 2022-ல் இருந்த 2,000 இடங்களிலிருந்து 2023-ல் 35,000 வரை உயர்த்தியது. இந்த விசாக்காரர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஐந்தாண்டுக் கணக்கும் ஓடத் தொடங்கும். நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்றாண்டு ஆனவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற உரிமை 2006 முதலே நடைமுறையில் இருக்கிறது. வொன்கொக்-தொங்கின் ஒற்றை அறைகளுக்கு இரண்டு அறை கேட்டு ஆள் வரப்போகிறார்கள். அந்தத் தொடக்கப் பள்ளிக்கும் நேபாளியும் சிங்களமும் தெரிந்த உதவியாசிரியர்கள் தேவைப்படுவார்கள்.