வருகிறானா, வர்றானா?

மாத்தளையை அண்டிய தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவர் எனக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவர் எழுதிய வெண்பாவில் "வர்றான் தம்பி" என்று ஓரிடம். திருத்தியவர் சிவப்பு மையால் கோடிட்டு, "கொச்சைச் சொல், தளை தட்டுகிறது" என்று குறித்தாராம். "எங்கள் வீட்டுப் பேச்சு யாப்புக்குள் வரவே வராதா ஐயா?" என்று கேட்கிறார் மாணவர்.

தளை தட்டுவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் கொச்சையன்று.

ஒரு குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேரசை. இரு குறிலோ, குறிலை அடுத்த நெடிலோ அவ்வாறு வந்தால் நிரையசை. இனி வினைச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'வந்தான்' என்பது வந்/தான்: நேர் நேர், தேமா. 'வந்தனன்' என்றால் வந்/தனன்: கூவிளம். 'வருகிறான்' கருவிளம், 'வருகின்றான்' புளிமாங்காய். ஆள் ஒருவன்தான், விகுதியும் இடைநிலையும் மாறச் சீரே மாறிவிடுகிறது.

ஸ்பானிய மொழியில் இதற்கு வேறொரு வழி உண்டு. அங்கே 'ஆப்லோ' என்பதில் முதலசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. கடையசையை அழுத்தினால் 'அவன் பேசினான்'. நம் மொழியில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. குறில் நெடில் அளவே நமக்குத் தராசு.

அந்தத் தராசில் 'வர்றான்' என்ன? வர்/றான்: தேமா. யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'வாறான்' என்பதும் வா/றான்: அதே தேமா. மலையகமும் வடக்கும் எழுத்தில் வேறுபட்டாலும் சீரில் ஒன்றுபடுகின்றன!

வெண்பாவில் மாமுன் நிரை வர வேண்டும். விளமுன் நேரும் காய்முன் நேரும் வர வேண்டும். 'தம்பி' நேரில் தொடங்குகிறது. ஆகவே 'வருகிறான் தம்பி' சரி. 'வருகின்றான் தம்பி'யும் சரி. 'வர்றான் தம்பி' பிழை. ஆனால் 'வர்றான் மகனும்' என்று எழுதிப் பாருங்கள். மாமுன் நிரை, தளை தட்டாது. சொல் அதே சொல்தான்.

தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய தாய்மார் அசை பிரிக்கப் படித்தவர்களல்லர். வாயில் வந்த வினையைக் காதால் அளந்தே பாடினார்கள். சி.வி. வேலுப்பிள்ளை அத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்தது அவற்றின் அருமை அறிந்துதான்.

எனவே, தம்பி, எழுதுவதை விட்டுவிடாதீர்கள். உச்சரிப்பது போலவே எழுதுங்கள், எழுதியதையே அலகிடுங்கள். மனத்தில் 'வருகிறான்' என்று எண்ணி, தாளில் 'வர்றான்' என்று எழுதியதே நேர்ந்த தவறு. உங்கள் வீட்டுப் பேச்சின்மேல் தவறில்லை.